சிறுத்தைப் பல்லி வாங்கும் முன்: இங்கிலாந்தில் முதன்முறையாக வளர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

நாங்கள் லண்டனில் வாடகை வீட்டில் வசிக்கிறோம். பன்னிரண்டு வயது மகன் ஒன்றரை ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்ததால், ஒரு சனிக்கிழமை பிற்பகல் செல்லப்பிராணிக் கடைக்குப் போய், சிறுத்தைப் பல்லி ஒன்றையும், கண்ணாடித் தொட்டியையும், கடைக்காரர் எடுத்துத் தந்த மணலையும், தொட்டிக்கு அடியில் வைக்கும் ஹீட் மேட்டையும் ஒரே ரசீதில் வாங்கி வந்தோம். உடம்பெங்கும் கரும்புள்ளிகள் இருந்ததால் மகன் அதற்கு மிளகு என்று பெயரிட்டான். மூன்றாம் வாரம் மிளகு சாப்பிடுவதை நிறுத்தியது. மருத்துவர் திருப்பிப் பார்த்தபோது வயிற்றுத் தோல் வெந்திருந்தது. தொட்டியின் தரை 46 டிகிரி வரை சூடேறியிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் என்றொரு கருவி தேவை என்பதும் தெரியாது. புண் ஆற எட்டு வாரம் ஆயிற்று, மருத்துவச் செலவு 190 பவுண்டு ஆயிற்று.

மிளகு பிழைத்துக்கொண்டது. அந்த எட்டு வாரங்களில் நாங்கள் கற்றுக்கொண்டதை, நீங்கள் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுதான்: பெட்டியை முதலில் வாங்கி, அதை வெறுமையாக ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகே பல்லியை வாங்குங்கள்.

1. இது எந்த ஊர் விலங்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடைகளில் இதை லெப்பர்ட் கெக்கோ என்றும், வளர்ப்பவர்கள் சுருக்கமாக லியோ என்றும் சொல்வார்கள். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகியவற்றின் வறண்ட புல்வெளிகளும் கல் நிறைந்த மலையடிவாரங்களும்தான் இதன் சொந்த நிலம். பாலைவன விலங்கு என்று பலரும் நினைத்து மணலைக் கொட்டி வைக்கிறார்கள். உண்மையில் இது வாழ்வது இறுகிய மண்ணிலும் பாறை இடுக்குகளிலும்தான். பகலில் ஈரப்பதம் தங்கியிருக்கும் பொந்துக்குள் பதுங்கிக் கிடந்து, வெயில் தாழ்ந்ததும், இன்னும் சூடு ஆறாத பாறையின் மேல் வயிற்றை ஒட்டிப் படுத்து உடலைச் சூடாக்கிக்கொண்டு, அதன் பிறகு பூச்சி, சிலந்தி, தேள் எனத் தேடி வேட்டைக்குக் கிளம்பும். குளிர்காலம் கடுமையாக இருக்கும் நிலம் என்பதால், இரை கிடைக்காத மாதங்களுக்கான கொழுப்பைத் தன் தடித்த வாலில் சேமித்து வைக்கும்.

நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கும் இதற்கும் இரண்டு பெரிய வேறுபாடுகள் உண்டு. இதன் விரல்களில் ஒட்டும் பட்டைகள் இல்லை, வெறும் நகங்கள்தான். ஆகவே கண்ணாடியில் ஏறாது, கூரையில் தொங்காது, கைதவறி ஓடினாலும் தரையில்தான் ஓடும். இரண்டாவது, இதற்கு அசையும் இமைகள் உண்டு. வீட்டுப் பல்லி கண்ணை மூட முடியாமல் நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். இதுவோ கண்ணை மூடித் தூங்கும், நம்மைப் பார்த்து மெல்ல இமைக்கும். ஊரிலிருந்து வந்த என் அம்மா, பல்லியைக் காசு கொடுத்து வாங்குவார்களா என்று முதல் இரண்டு நாள் அந்த அறைக்குள்ளேயே வரவில்லை. மூன்றாம் நாள் மாலை அது தலையைத் தூக்கி, ஒரு கண்ணை மட்டும் மூடித் திறந்ததைப் பார்த்த பிறகு, தினமும் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

வளர்ந்த பல்லி 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளமும், ஏறத்தாழ 50 முதல் 80 கிராம் எடையும் இருக்கும். நன்றாகப் பராமரித்தால் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இன்று வாங்கித் தரும் பல்லி, அவன் பல்கலைக்கழகம் போன பிறகும் உங்கள் வீட்டில்தான் இருக்கும். அதை நீங்கள் பராமரிக்கத் தயாரா என்பதை இந்தப் படியிலேயே முடிவு செய்யுங்கள்.

2. சட்டமும் ஆவணங்களும்

இங்கிலாந்தில் சிறுத்தைப் பல்லி வளர்க்க உரிமம் தேவையில்லை. ஆனால் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் இதற்கும் பொருந்தும். தகுந்த இருப்பிடம், தகுந்த உணவு, இயல்பான நடத்தைக்கு இடம், பிற விலங்குகளோடு சேர்த்தோ தனித்தோ வைக்க வேண்டிய தேவை, வலி, காயம், நோய் ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பு ஆகிய ஐந்துக்கும் உரிமையாளரே பொறுப்பு. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விலங்கை விற்கக் கூடாது என்பதால் ரசீது பெற்றோர் பெயரில்தான் இருக்கும். சட்டப்படி பொறுப்பும் பெற்றோருடையதே.

வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். வாய்மொழியாக "சரி" என்று சொன்ன முகவர் அடுத்த ஆண்டு வேலை மாறிப் போய்விடலாம். மின்னஞ்சலில், மூடிய பெட்டியில் வளர்க்கும் சிறிய விலங்கு என்பதையும் பெட்டியின் அளவையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். எங்களுக்குப் பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த மின்னஞ்சலை வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

வணிகமாக விற்பவர்களுக்கு 2018ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி உள்ளூராட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். அவர்களுடைய விளம்பரத்தில் உரிம எண் இருக்க வேண்டும், இல்லையென்றால் கேளுங்கள். வாங்கும்போது ரசீதோடு, முட்டை பொரிந்த தேதி, இதுவரை கொடுத்த உணவு, கடைசியாகத் தோல் உரித்த நாள், இப்போதைய எடை ஆகியவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள். ஒழுங்காக வளர்ப்பவர்கள் தயங்காமல் தருவார்கள். அவர்கள் தயங்கினால் வேறிடம் பாருங்கள்.

சிங்கப்பூரில் இதைச் செல்லப்பிராணியாக வளர்க்கச் சட்டம் இடம் தரவில்லை. வேலை மாற்றத்தில் அங்கே போகக்கூடிய குடும்பங்கள் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

3. பெட்டி

ஒரு பல்லிக்கு 90 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள விவேரியம், அதாவது ஊர்வன வளர்க்கும் பெட்டி, வாங்குங்கள். எங்களுக்கு விற்கப்பட்ட 60 சென்டிமீட்டர் தொட்டியில் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் வைத்திருக்கவே முடியவில்லை. நீளம் குறைந்தால் தொட்டி முழுவதும் ஒரே வெக்கையாகிவிடும்.

பழைய மரப் பெட்டியைக் குறைந்த விலைக்கு வாங்குவது பெரிய பொறி. கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி இந்தப் பல்லிகளை வாட்டி, வாலைக் குச்சிபோல் வற்றச் செய்து கொல்லும். நம்பத்தக்க மருந்து இல்லை. வீட்டில் பயன்படுத்தும் ப்ளீச் அதன் முட்டையுறைகளைக் கொல்லாது. மரத்தில் ஊறியதைச் சுத்தம் செய்ய வழியில்லை என்பதால், பழையது வாங்கியே ஆக வேண்டுமென்றால், கொதிநீராவி பிடித்துச் சுத்தம் செய்யக்கூடிய கண்ணாடிப் பெட்டியாக வாங்குங்கள்.

உள்ளே பல்லி பதுங்க மூன்று மறைவிடங்கள் வேண்டும்: சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, நடுவில் ஈரப் பஞ்சுப்பாசி நிரப்பிய மூடிய டப்பா ஒன்று. இந்த மூன்றாவது, பாறையிடுக்கின் ஈரப் பொந்துக்கு ஈடாக இருப்பது. இது இல்லாவிட்டால் தோல் சரியாக உரியாது. விரல் நுனியில் மிச்சமாகும் தோல் நூல்போல் இறுகி, இரத்த ஓட்டத்தைத் தடுத்து, விரலே உதிர்ந்துவிடும். ஈரம் சரியாக இருந்தால் உரிப்பது பார்ப்பதற்கே அழகு. உடம்பு வெளுத்துச் சாம்பல் பூத்ததுபோல் ஆகும். பிறகு மூக்கைக் கல்லில் உரசித் தோலைக் கிழித்து, ஒவ்வொரு காலாக வாயால் கவ்வி, காலுறையைக் கழற்றுவதுபோல் விரல்களிலிருந்து இழுத்து, அந்தத் தோலையே தின்றுவிடும். தின்று முடித்த பிறகு விரல்களை டார்ச் வைத்து எண்ணிப் பாருங்கள்.

தரைக்கு முதல் மூன்று மாதம் சமையலறைத் தாள் போதும். எச்சத்தைப் பார்ப்பதும் எளிது. பிறகு உரம் கலக்காத மேல்மண்ணும் குழந்தைகள் விளையாடும் மணலும் ஏறத்தாழ 70க்கு 30 என்ற விகிதத்தில் கலந்து, நனைத்து, இறுக்கிக் காயவிட்டுப் போடலாம். கால்சியம் மணல் என்று விற்கப்படும் வண்ண மணலை வாங்காதீர்கள். அதைப் பல்லி நக்கித் தின்று குடலடைப்பு வரும்.

4. வெப்பமும் ஒளியும்

இந்தப் படியில்தான் நாங்கள் தவறினோம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பல்லி தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. சூட்டுக்கும் குளிருக்குமாக நகர்ந்துதான் செரிமானம் முதல் நோய் எதிர்ப்பு வரை எல்லாவற்றையும் நடத்துகிறது. ஆகவே பெட்டிக்குள் ஒரே வெப்பநிலை இருக்கக் கூடாது. சூடான பக்கத்தில் அது படுக்கும் கல்லின் மேற்பரப்பு 32 முதல் 35 டிகிரி செல்சியஸ். குளிர்ந்த பக்கம் 22 முதல் 25. இரவில் இருபது டிகிரி அளவுக்கு இறங்குவது கெடுதல் இல்லை. இதன் சொந்த நிலத்திலும் இரவு குளிரத்தான் செய்யும்.

மேலிருந்து வரும் வெப்பமே நல்லது. டீப் ஹீட் ப்ரொஜெக்டர் என்ற ஒளியில்லாத விளக்கையோ ஹாலோஜனையோ மேலே பொருத்தி, அதன் கீழே தட்டையான கருங்கல் பலகை ஒன்றை வையுங்கள். பகலெல்லாம் கல் சூட்டை வாங்கி வைத்திருந்து, மாலையில் பல்லி வயிற்றை ஒட்டிப் படுக்கும்போது கொடுக்கும். விளக்கைச் சுற்றிக் கம்பிக்கூடு கட்டாயம்.

எந்த வெப்பக் கருவியையும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மின்னிணைப்பில் செருகாதீர்கள். ஹாலோஜனுக்கு மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகையும், டீப் ஹீட் ப்ரொஜெக்டருக்கு டிம்மிங் அல்லது மின்சாரத்தைத் துடிப்புகளாக விடும் பல்ஸ் வகையும் ஏற்றவை. ஹீட் மேட்டுக்கு எளிய ஆன்-ஆஃப் வகை போதும். வகை மாறினால் விளக்கு சீக்கிரம் கெடும், வெப்பமும் நிலையாக இருக்காது. பெட்டியில் ஒட்டும் வட்ட முள் வெப்பமானியை நம்பாதீர்கள். எங்கள் தொட்டியில் தரை 46 டிகிரியாக இருந்தபோது, சுவரில் ஒட்டியிருந்த அந்த முள் 29 என்று காட்டிக்கொண்டிருந்தது. துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி 15 பவுண்டுக்குக் கிடைக்கும். கல்லின் மேல் நேராகக் காட்டி அளந்து பாருங்கள்.

யூவிபி என்னும் புற ஊதா ஒளி தரும், குறைந்த வீரியமுள்ள குழல் விளக்கு ஒன்றும் பகலில் பன்னிரண்டு மணி நேரம் எரியட்டும். மாலையில் இயங்கும் விலங்குக்கு எதற்கு என்று கேட்பார்கள். பொந்தின் வாயிலில் வாலையோ காலையோ வெயிலில் நீட்டிக்கொண்டு கிடப்பது இதன் வழக்கம். டி3 வைட்டமின் உடலில் உண்டாக அந்தச் சிறிதளவு ஒளி உதவும். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் யூவிபி குறைந்துகொண்டே போகும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றிய தேதியைக் குழலின் முனையிலேயே எழுதிவிடுங்கள். சிவப்பு விளக்கு வேண்டாம்.

பெட்டியைச் சமையலறைக்கும் பூசையறைக்கும் அருகில் வைக்காதீர்கள். தாளிக்கும் புகை, சாம்பிராணி, ஊதுபத்தி ஆகியவை மூடிய பெட்டிக்குள் தேங்கி நுரையீரலைத் தாக்கும். கொசுமருந்து ஸ்பிரே அந்த அறையில் கூடவே கூடாது.

5. ஒரு வாரம் வெறும் பெட்டி

எல்லாவற்றையும் பொருத்திய பிறகு ஏழு நாள், காலை எட்டு, பிற்பகல் இரண்டு, இரவு ஒன்பது என மூன்று வேளையும் இரு பக்கத்து வெப்பநிலையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் இரண்டு நாள் எண்கள் தாறுமாறாக இருக்கும். விளக்கின் உயரத்தையோ தெர்மோஸ்டாட் உணரியின் இடத்தையோ மாற்ற வேண்டி வரும். தொடர்ந்து மூன்று நாள் எண்கள் ஒரே சீராக வந்தால் பெட்டி தயார். ஐந்தாம் நாள் எங்கள் உணரி தன் பிடியிலிருந்து நழுவிக் குளிர்ந்த பக்கம் விழுந்து கிடந்தது. கல் 41 டிகிரிக்கு ஏறியிருந்தது. மருத்துவமனையிலிருந்து மிளகு இன்னும் வீட்டுக்கு வராத நாள்கள் அவை என்பதால் யாருக்கும் காயமில்லை. உணரியை இப்போது கம்பியால் கட்டி வைத்திருக்கிறோம்.

6. எதை வாங்குவது

ஒன்றே ஒன்றை வாங்குங்கள். துணை வேண்டும் என்று இரண்டு வாங்கினால், இரண்டு ஆண்கள் இரத்தம் வரக் கடித்துக்கொள்ளும். ஆணும் பெண்ணும் என்றால் ஓயாத இனச்சேர்க்கையில் பெண் நலிந்துபோகும். இரண்டு பெண்களிலும் ஒன்று மற்றதைச் சூட்டிலிருந்தும் உணவிலிருந்தும் விரட்டும். இவை தனித்து வாழ விரும்பும் விலங்குகள்.

குஞ்சு பிறந்த சில வாரங்களிலேயே "இது பெண்" என்று விற்பவர் சொன்னால், முட்டையை எந்த வெப்பத்தில் அடைவைத்தார் என்பதைக் கொண்டு சொல்கிறார் என்று பொருள். ஏறத்தாழ 26 டிகிரியில் பெரும்பாலும் பெண்களும், 32 முதல் 33 டிகிரியில் பெரும்பாலும் ஆண்களும், அதற்கும் மேலே போனால் மறுபடி பெண்களும் பிறக்கும். இது பெரும்பான்மைக் கணக்கு, உறுதி ஆகாது. சில மாதங்கள் கழித்து, பின்னங்கால்களுக்கு நடுவே தலைகீழ் வி வடிவில் வரிசையான துளைகளும் வாலடியில் இரண்டு புடைப்புகளும் தெரிந்தால் ஆண். பெண் இணைசேராமலும் முட்டையிடக்கூடும். அப்போது கால்சியத்தைக் கூட்ட வேண்டும்.

நிற வகைகளில் கவனம் தேவை. எனிக்மா என்ற வகையில் தலைசாய்ந்து வட்டமடிக்கும் நரம்புக் கோளாறு வரும். லெமன் ஃப்ராஸ்ட் என்ற பளீரென்ற மஞ்சள் வகையில் பெரும்பாலானவற்றுக்கு வெண்ணிறத் தோல் கட்டிகள் வளரும். அந்த நிறத்தைத் தரும் மரபணு மாற்றத்தோடே கட்டிகளும் சேர்ந்து வருகின்றன என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. இவ்விரண்டையும் என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கருநிறமி இல்லாத அல்பினோ வகைகளின் கண் கூசும் என்பதால் ஒளி குறைவாக வேண்டும். முதல்முறை வாங்குவோருக்கு, காட்டில் உள்ளதுபோலவே மஞ்சளில் கரும்புள்ளியிட்ட சாதாரண வகையே நல்லது, விலையும் குறைவு.

வால் கழுத்தளவுக்காவது தடித்திருக்க வேண்டும். கண்கள் திறந்து தெளிவாகவும், விரல்கள் முழுமையாகவும், ஆசனவாய் சுத்தமாகவும் இருக்க வேண்டும். முடிந்தால் மாலையில் போய், உங்கள் கண்முன் அதற்கு ஒரு பூச்சியைக் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். இரையைக் கண்டதும் உடல் அசையாமல் நிற்க, வாலின் நுனி மட்டும் பூனையினுடையதுபோல் மெல்ல நெளியும். பிறகு ஒரே பாய்ச்சல். அந்த வாலசைவைப் பார்த்துவிட்டால் பசியும் புலனும் நன்றாக இருக்கின்றன என்று நம்பி வாங்கலாம்.

7. முதல் முப்பது நாள்

முதல் வாரம் தொடாதீர்கள். தண்ணீர் மாற்றவும் எச்சம் எடுக்கவும் மட்டும் கையை விடுங்கள். முதல் நான்கைந்து நாள் சாப்பிடாமல் இருப்பது இயல்பு. இரண்டாம் வாரம் கையை அசையாமல் தரையில் வைத்திருங்கள். அதுவாக ஏறி வரட்டும். மேலிருந்து பிடித்தால் பருந்து கொத்த வருவதாகவே அது எண்ணும். வாலை ஒருபோதும் பிடிக்கக் கூடாது. அச்சத்தில் வாலை உதறிவிடும். மீண்டும் வளரும் வால் குட்டையாகவும் முள்ளங்கிபோல் உருண்டும் இருக்கும். இழந்த கொழுப்பைச் சேர்க்க மாதங்கள் ஆகும்.

தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஊர்வனவற்றின் எச்சத்தில் சால்மோனெல்லா இருக்கக்கூடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளோ நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களோ வீட்டில் இருந்தால், சில ஆண்டுகள் பொறுத்திருந்து வாங்குங்கள் என்றே சொல்வேன்.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில், அதற்கென ஒதுக்கிய டப்பாவில் விட்டு எடை பாருங்கள். பத்து விழுக்காட்டுக்கு மேல் எடை குறைந்தால் மருத்துவரிடம் போகும் நேரம் வந்துவிட்டது.

8. உணவு

இது பூச்சி மட்டுமே தின்னும். காய், பழம் எதுவும் செரிக்காது. சுவர்க்கோழி, வெட்டுக்கிளி, டூபியா கரப்பான் ஆகியவை கடைகளில் டப்பாவாகக் கிடைக்கும். பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். குஞ்சுக்குத் தினமும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையும் போதும். பூச்சிகளுக்கு முந்தைய நாளே கேரட், கீரை கொடுத்து வளர்த்து, கால்சியம் பொடியில் புரட்டிப் போடுங்கள். வாரம் ஒருமுறை வைட்டமின் பொடி. கால்சியம் குறைந்தால் தாடை ரப்பர்போல் மென்மையாகி, கால்கள் வளைந்துபோகும். வளைந்த எலும்பு நிமிராது. தின்னாத சுவர்க்கோழியை இரவில் உள்ளேயே விட்டுவைத்தால் அது பல்லியைக் கடிக்கும். மெழுகுப்புழுவை மாதத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். அதன் கொழுப்புச் சுவைக்குப் பழகியபின் வேறெதையும் தொடாது.

9. மருத்துவரை முன்பே தேடுங்கள்

பக்கத்தில் உள்ள எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஊர்வன பார்ப்பதில்லை. மிளகின் வயிறு வெந்த அன்று மூன்று இடங்களுக்குத் தொலைபேசியில் கேட்ட பிறகு, ஒரு மணி நேரப் பயணத்தில் ஒருவர் கிடைத்தார். பல்லி வாங்கும் முன்பே எக்ஸாடிக் எனப்படும், நாய் பூனை அல்லாத அரிய விலங்குகளைப் பார்க்கும் மருத்துவமனையில் பதிவு செய்து, இரவு அவசரத்துக்கு யாரை அழைப்பது என்றும் கேட்டு வையுங்கள். வாங்கிய முதல் மாதத்திலேயே எச்சத்தைக் கொடுத்து, கிரிப்டோஸ்போரிடியத்துக்கும் மற்ற ஒட்டுண்ணிகளுக்கும் சோதனை செய்துவிடுங்கள்.

10. செலவு

நாங்கள் இரண்டாம் முறை முறையாக வாங்கியபோது: விவேரியம் 110 பவுண்டு, வெப்ப விளக்கும் கம்பிக்கூடும் தெர்மோஸ்டாட்டும் 95, யூவிபி 45, மறைவிடங்கள் 35, அகச்சிவப்பு வெப்பமானி 15, பொடிகள் 18, ஆக 318. இதோடு சாதாரண வகைப் பல்லியின் விலை 50 என்று சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் மருத்துவப் பார்வை 60, எச்சச் சோதனை 45. மொத்தம் 473 பவுண்டு. அதன்பின் பூச்சிக்கும் மின்சாரத்துக்கும் மாதம் 20 பவுண்டுக்குள் அடங்குகிறது. இவை எங்கள் பகுதி விலைகள். பல்லியின் விலை மொத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் என்பதைக் கவனியுங்கள். கடையில் நம் கண்ணில் படுவது அந்த ஒரு பங்கு மட்டுமே.

11. கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது

நம் குடும்பங்கள் ஊருக்குப் போனால் நான்கு, ஆறு வாரம் தங்குவது வழக்கம். கொழுத்த வாலுள்ள வளர்ந்த பல்லி, தண்ணீர் இருந்தால் ஒரு வாரம் உணவின்றித் தாங்கும். ஆறு வாரம் தாங்காது. ஊர்வன தங்கவைக்கும் விடுதிகள் உண்டு. எங்கள் பகுதியில் நாளுக்கு 5 பவுண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கு மார்ச்சிலேயே இடம் பிடிக்க வேண்டும். அங்கே மற்ற பல்லிகளோடு இடுக்கியும் பாத்திரமும் பகிர்ந்துகொள்ளாமல், தனித்தனியே வைக்கிறார்களா என்று கேளுங்கள். நாங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறோம். உணவு நாள்களைக் குறித்த நாட்காட்டி, கல்லின் வெப்பநிலை எவ்வளவு இருக்க வேண்டும் என்ற எண், மருத்துவமனையின் தொலைபேசி எண், எங்கள் வாட்ஸப் எண், அவசரச் சிகிச்சைக்கு 200 பவுண்டு வரை செலவு செய்ய நாங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் ஆகிய ஐந்தும் ஒரு பிளாஸ்டிக் உறையில் பெட்டியின் கதவிலேயே ஒட்டியிருக்கும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே அவரை அழைத்து, எங்கள் முன்னிலையில் ஒருமுறை உணவு கொடுக்கச் செய்து, வெப்பமானியைக் கல்லின் மேல் எப்படிக் காட்டுவது என்று பழக்கிவிடுகிறோம்.